விளையாட்டுப் படத்தில் பின்னணி மங்க, எதற்குச் செலவிடலாம்?

கேள்வி: கோவில்பட்டியில் பள்ளி அணிக்காக ஹாக்கி ஆடும் என் மகளை, கேனன் 1500டி கேமராவிலும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸிலும் படம் எடுத்து வருகிறேன். அவளுக்குப் பின்னால் நிற்கும் வேன்களும் விளம்பரப் பலகைகளும் அவளைப் போலவே தெளிவாக விழுகின்றன. நாளிதழ்ப் படங்களைப் போலப் பின்னணி மங்க வேண்டுமென்றால், 24-105 மி.மீ., எஃப் 4-7.1 லென்ஸுடன் வரும் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் கொண்ட) கேமராவை வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இந்த ஒரு நோக்கத்துக்காக என்றால் வேண்டாம். லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ. அளவை எஃப் எண்ணால் (அது சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது) வகுத்துப் பாருங்கள். ஒளி நுழையும் வழியின் விட்டம் கிடைக்கும். உங்கள் மகளின் உருவம் படத்தில் ஒரே அளவில் இருக்கும்படி எந்த லென்ஸில் எடுத்தாலும், அவளுக்குப் பின்னால் வெகு தொலைவில் எரியும் ஒரு விளக்கு, அவள் உருவத்தோடு ஒப்பிட, ஏறத்தாழ அந்த விட்டத்துக்கு விரிந்த வட்டமாகப் பதிவாகும். வட்டம் பெரிதாகப் பெரிதாகப் பின்னணி கரையும்.

இப்போது கணக்கிடுவோம். உங்கள் லென்ஸ் 55 மி.மீ.-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும் என்பதால் விட்டம் சுமார் 10 மி.மீ., அதாவது ஒரு சட்டைப் பொத்தான் அளவு. கடைக்காரர் காட்டும் லென்ஸ் 105 மி.மீ.-இல் எஃப் 7.1, விட்டம் 15 மி.மீ.-ஐக்கூட எட்டவில்லை. இவ்வளவு பெரிய தொகைக்கு இது மிகச் சிறிய முன்னேற்றம். உங்கள் கேமராவிலேயே பொருந்தும் 55-250 மி.மீ. லென்ஸோ, 250 மி.மீ.-இல் எஃப் 5.6 என்பதால் 45 மி.மீ. தருகிறது. செய்தியாளர்கள் வைத்திருக்கும் 70-200 மி.மீ., எஃப் 2.8 லென்ஸில் அது 71 மி.மீ.; உங்கள் மகள் அடிக்கும் ஹாக்கிப் பந்தின் குறுக்களவும் கிட்டத்தட்ட அதுவே.

ஆகவே முதலில் 55-250 லென்ஸை வாங்குங்கள்; பயன்படுத்தியது கிடைத்தாலும் போதும். ஏவி முறையில் (எஃப் எண்ணை நாமே தேர்ந்தெடுக்கும் முறை) எஃப் எண்ணை ஆகக் குறைவாக வைத்து, லென்ஸை 250 மி.மீ. வரை நீட்டி எடுத்தால், ஏறக்குறைய 33 மீட்டர் தொலைவில் ஓடிவரும் ஆட்டக்காரரின் முழு உருவம் படத்தின் உயரத்தை நிரப்பும். 85 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் இதே அளவு விட்டம் தரும் என்றாலும், அவர் 11 மீட்டர் அருகே வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால், 91 மீட்டர் நீள ஹாக்கி மைதானத்தில் பெரும்பாலான தருணங்கள் கைநழுவிப் போகும்.

எந்த லென்ஸானாலும், ஆட்டக்காரருக்கு ஒட்டினாற்போல் பின்னணி இருந்தால் அது மங்காது. வேன்கள் நிற்கும் பக்கத்தை நோக்கி எடுக்காமல், கோலுக்குப் பின்புறம், அனுமதிக்கப்பட்ட மூலையில் அமர்ந்து, மைதானத்தின் முழு நீளமும் ஆட்டக்காரருக்குப் பின்னால் வரும்படி எடுங்கள். முழங்காலிட்டுக் கேமராவைத் தாழ்த்தினால், தரைக்குப் பதிலாகத் தொலைவிலுள்ள மரங்கள் பின்னணியாகும். இதற்குச் செலவே இல்லை. பலர் இதைச் செய்து பார்க்காமலேயே கடைக்குப் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

எஃப் 2.8 லென்ஸ் அவசியமாவது, மின்விளக்கில் நடக்கும் மாலை ஆட்டங்களுக்குத்தான். ஓட்டத்தை உறைய வைக்க ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும். எஃப் 2.8-இல் ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் திறனின் அளவு) 3200 போதுமான வெளிச்சத்தில், எஃப் 5.6-க்கு 12,800 தேவைப்படும்; உங்கள் கேமராவின் வழக்கமான உச்சமோ 6,400. அத்தகைய ஆட்டங்கள் அதிகம் என்றால், முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து அதன் எடையைச் சுமந்து பாருங்கள். பிறகு உங்கள் கேமராவில் பொருந்தும் கேனன் இஎஃப் வகையில் பழைய 70-200 எஃப் 2.8-ஐத் தேடலாம், பின்னாளில் கேனனின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவுக்கு மாறினாலும் அடாப்டர் மூலம் அது தானியங்கி ஃபோக்கஸுடன் இயங்கும். மிரர்லெஸ் கேமராக்களுக்கான புதிய ஆர்எஃப் லென்ஸ்கள் 1500டி-யில் பொருந்தவே பொருந்தா.

பழைய லென்ஸ் வாங்கும்போது, அப்பெர்ச்சரை (ஒளி நுழையும் திறப்பை) முழுதும் திறந்து, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். உங்கள் கேமராவிலேயே மாட்டி, சாலையில் எதிரே வரும் வண்டியைத் தொடர்ந்து எடுத்து, ஃபோக்கஸ் பிடிக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்த பின்பே பணம் கொடுங்கள். புதிது என்றால், இந்திய நிறுவனத்தின் உத்தரவாத அட்டையும், வரிசை எண் குறித்த ஜிஎஸ்டி ரசீதும் கேட்டு வாங்குங்கள். ரசீது தர மறுக்கும் கடையைப் பற்றி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.