வயர்லெஸ் மைக் தொல்லைகள்: கேள்வி பதில்

ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "எந்தக் கம்பெனி செட் நல்லது?" என்று கேட்டவர்களுக்குத் தனியாகப் பதில் இல்லை. கீழே இருக்கும் தொல்லைகளில் பாதி, செட்டை மாற்றினாலும் கூடவே வரும்.

கேள்வி: மூன்று மைக் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் போட்டால் சுத்தம். மூன்றையும் சேர்த்து ஆன் செய்தால் ஒன்றில் மட்டும் கரகரப்பு. 606.0, 606.4, 606.8 மெகாஹெர்ட்ஸ் என்று சம இடைவெளி விட்டுத்தான் வைத்தோம். மைக் பழுதா சார்?

பதில்: மைக்கில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சம இடைவெளிதான் வினை. இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் (மைக்கிலிருந்து அலையை அனுப்பும் பகுதி) பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒன்றின் அலை மற்றதன் வெளியீட்டுப் பகுதிக்குள் புகுந்து புதிய அலைகளைப் பிறப்பிக்கும். அந்த அலையை வாங்கும் ரிசீவரின் முன்பகுதியிலும் இதே கதை. இன்டர்மாடுலேஷன் என்பார்கள். கணக்கு எளிது: ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழியுங்கள். 606.4-ஐ இரட்டித்தால் 1212.8. அதில் 606.0 போனால் 606.8. நேராக உங்கள் மூன்றாவது மைக்கின் தலையில் விழுகிறது.

மூன்றாவதை 607.2-க்குத் தள்ளுங்கள், இந்த மோதல் போய்விடும். அப்புறம் நாலாவது மைக் வாங்கி, "606.8 சும்மாதானே கிடக்கிறது" என்று அங்கே வைத்துவிடாதீர்கள். முதல் இரண்டும் பெற்ற குப்பை இன்னும் அங்கேதான் இருக்கிறது. எட்டு மைக் என்றால், இப்படி ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழிப்பதும், இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழிப்பதுமாக மூன்றாம் வரிசைச் சேர்க்கைகள் மட்டும் 224 வரும். கையால் போடுகிற கணக்கு இல்லை. ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகளைத் தயாரிப்பாளரே பார்த்துப் பிரித்துக் கொடுத்த குரூப், சேனல் அட்டவணை இருக்கும். எல்லா மைக்கையும் ஒரே குரூப்பில் வையுங்கள். இரண்டு கம்பெனி செட்களைக் கலந்தால் அந்த அட்டவணை உதவாது, அதற்கென்று உள்ள மென்பொருளில்தான் போட வேண்டும்.

கேள்வி: மதியம் ஸ்கேன் செய்து காலி அலைவரிசை பார்த்துத்தான் வைத்தோம். நிகழ்ச்சி தொடங்கியதும் விட்டு விட்டுக் கேட்டது. ஏன்?

பதில்: ஸ்கேன் செய்தபோது மேடையின் எல்இடி திரை எரிந்துகொண்டிருந்ததா? அந்தத் திரைகள் நிறைய ரேடியோ இரைச்சலைக் கக்கும். நிகழ்ச்சியில் ஓடப்போகிற எல்லாவற்றையும் போட்டுவிட்டு, உங்கள் டிரான்ஸ்மிட்டர்களை மட்டும் அணைத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஒவ்வொன்றாக ஆன் செய்து, இன்னும் ஆன் செய்யாத மைக்கின் ரிசீவரில் சிக்னல் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் அங்கே யாரோ இருக்கிறார்கள்.

இன்னொன்று, கூட்டம். மனித உடம்பு, இந்த மைக்குகள் அனுப்பும் யுஎச்எஃப் அலையை நன்றாக உறிஞ்சும். காலி அரங்கில் ஜம்மென்று வேலை செய்தது, ஆட்கள் நிறைந்ததும் திணறும்.

கேள்வி: அப்படியென்றால் பவரைக் கூட்டிவிடலாமா? 10 மில்லிவாட்டிலிருந்து 50 வரை போகும் செட் எங்களுடையது.

பதில்: அவசரப்படாதீர்கள். 10-லிருந்து 50 என்பது 7 டெசிபெல்தான். ஆனால் எல்லா மைக்கையும் 7 டெசிபெல் கூட்டினால், நான் மேலே சொன்ன மூன்றாம் வரிசைக் குப்பை 21 டெசிபெல் கூடும். நிறைய மைக் இருக்கும் மேடையில் பவரைக் குறைப்பதுதான் பல நேரம் மருந்து.

முதலில் ரிசீவரின் இரண்டு ஆன்டெனாக்களையும் பாருங்கள். ரேக்கின் (கருவிகளை அடுக்கும் அலமாரி) பின்பக்கம், இரும்புக்கு நடுவே செருகி வைத்திருந்தால் அங்கேயே பாதி சிக்னல் போச்சு. ஸ்டாண்டில் ஏற்றி, ஆட்களின் தலைக்கு மேலே, மேடை நேராகத் தெரிகிற இடத்தில் வையுங்கள். 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 50 சென்டிமீட்டர். இரண்டு ஆன்டெனாக்களுக்கும் இடையே குறைந்தது அதில் கால் பங்காவது வேண்டும், ஒரு மீட்டர் விட்டால் நிம்மதி.

கேபிளும் முக்கியம். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டர் ஓடினால் வந்த சிக்னலில் பாதிக்கு மேல் வழியிலேயே காலி. பூஸ்டர் போடுவதென்றால் அந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் போடுங்கள். அதற்கு மேல் போனால் ரிசீவர் திக்குமுக்காடும்.

கேள்வி: அண்ணா, வயர் மைக்கில் இருக்கிற தெளிவு எங்கள் அனலாக் வயர்லெஸ்ஸில் இல்லை. மனப்பிரமையா?

பதில்: பிரமை இல்லை தம்பி. அனலாக் எஃப்எம் வழியாகப் பாட்டின் முழு ஏற்ற இறக்கமும் போகாது. அதனால் டிரான்ஸ்மிட்டரில் 2:1 என்று அமுக்கி, ரிசீவரில் 1:2 என்று விரிப்பார்கள். இதுதான் கம்பாண்டர். விரிக்கும் சுற்று, ஒலி எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறதோ அவ்வளவு வேகமாக ஓட முடியாமல் தடுமாறும்போது காதுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு சோதனை: சாவிக்கொத்து ஒன்றை மைக் முன்னால் மெதுவாகக் குலுக்குங்கள். அதே கேப்ஸ்யூல் (ஒலியைப் பிடிக்கும் தலைப்பகுதி) உள்ள வயர் மைக்கில் சாவிகள் தனித்தனியாகக் கிணுகிணுக்கும். சுமாரான கம்பாண்டரில் எல்லாம் சேர்ந்து நசநசவென்று கேட்கும், பின்னாலேயே ஒரு 'உஸ்' வந்து அடங்கும். வாங்கும் முன் எல்லோரும் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று பேசிப் பார்க்கிறார்கள். பேச்சில் இது பிடிபடாது.

கேள்வி: டிஜிட்டலில் அந்தத் தொல்லை இல்லையே. தாமதம் இருக்கும் என்கிறார்களே?

பதில்: கம்பாண்டர் இருக்காது, உண்மைதான். தாமதம் பல செட்களில் 2 முதல் 4 மில்லிசெகண்ட். ஒலி 3 மில்லிசெகண்டில் காற்றில் ஒரு மீட்டர் போகும், அதனால் கேட்பவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. பாடுகிறவர் தன் குரலைக் கேட்கக் காதில் இன்-இயர் மாட்டியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். டிஜிட்டல் மைக், டிஜிட்டல் மிக்ஸர், டிஜிட்டல் இன்-இயர் என்று எல்லாம் கூடிக்கொண்டே போகும். தலைக்குள் அதிரும் சொந்தக் குரலோடு அது மோதி, குரல் தகரம் மாதிரி ஒலிக்கும்.

கேள்வி: நாடகத்தில் நடிகர் கத்தும்போது குரல் உடைகிறது. மிக்ஸரில் கெய்னை (ஒலியைப் பெருக்கும் அளவு) குறைத்தும் பயனில்லை.

பதில்: உடைவது, நடிகர் உடம்பில் மாட்டியிருக்கும் டிரான்ஸ்மிட்டரான பாடிபேக்கிலேயே. அங்கே உள்ள கெய்னைக் குறையுங்கள். ஒத்திகையில் சும்மா பேசச் சொல்லி வைக்காமல், அந்தக் கத்தும் வசனத்தையே கத்தச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: ரீசார்ஜ் பேட்டரி போட்டால் மீட்டர் முழுதாகக் காட்டவே மாட்டேன் என்கிறது.

பதில்: ஆல்கலைன் 1.5 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு 1.2 வோல்ட். மெனுவில் பேட்டரி வகையை மாற்றுங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து பழைய செட் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: ஏன் மலிவு என்று முதலில் கேளுங்கள். அமெரிக்காவில் 614 முதல் 698 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையின் பெரும்பகுதி மொபைல் சேவைக்குப் போய்விட்டது. 2020 ஜூலையோடு அங்கே மைக்குகளுக்கு விடை கொடுத்தார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட செட்கள் சந்தையில் சுற்றுகின்றன. பெட்டியின் பின்னால் அலைவரிசைப் பட்டை அச்சிட்டிருக்கும். அது உங்கள் நாட்டு விதிக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.