கொட்டுவது வேறு, மெலிவது வேறு

கேள்வி: எனக்கு 28 வயது. ஒன்றரை மாதமாகத் தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது. உச்சந்தலையிலும் சன்னமாகத் தெரிகிறது. அப்பாவுக்கு வழுக்கை, அம்மா வழித் தாத்தாவுக்கு நல்ல அடர்த்தி. தினமும் ஹெல்மெட் போடுகிறேன், அதனாலா? என்னென்ன ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும்? நான்கு மாதங்களுக்கு முன்பு கடும் காய்ச்சலில் படுத்திருந்தேன்.

பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் காய்ச்சல்தான் இதில் முக்கியமான தகவல். கடுமையான காய்ச்சல், அறுவை சிகிச்சை, திடீர் எடைக் குறைப்பு, பெரிய மன அதிர்ச்சி இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஏராளமானவை ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் வேரிலேயே ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் மொத்தமாகக் கொட்டும். அதற்குள் காய்ச்சல் மறந்துபோயிருக்கும். பழி ஷாம்பு மீது விழும். இதை 'டெலோஜன் எஃப்ளூவியம்' என்கிறோம். உங்கள் கணக்கு இதற்கு அப்படியே பொருந்துகிறது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கிவிடும்.

ஆனால் உச்சந்தலை சன்னமாகத் தெரிகிறது என்கிறீர்கள். அது வேறு கதையாக இருக்கலாம். பரம்பரை வழுக்கையில் முடி கொத்தாகக் கொட்டுவதே அபூர்வம். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனால், நெற்றியோரத்திலும் உச்சியிலும் உள்ள முடி வேர்கள் சுருங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் முடி முன்னைவிட மெல்லியதாக, குட்டையாக வரும். அப்பா, அம்மா இரு பக்கத்து மரபணுக்களுக்கும் இதில் பங்கு உண்டு. தாத்தாவின் தலையை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது. சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்த இந்த மெலிவை, காய்ச்சலுக்குப் பிந்தைய கொட்டல் வெளிச்சம் போட்டுக் காட்டுவதும் உண்டு. உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்பது என் சந்தேகம்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். உதிர்ந்த முடிகளை ஒரு வெள்ளைத் தாளில் பரப்புங்கள். நீளமான, தடித்த முடிகளாக, வேர்ப்பக்க நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழோடு இருந்தால் அது காய்ச்சலின் வேலையாக இருக்கலாம். நடுவே குட்டையான, பூனை முடி போன்றவை நிறையக் கிடந்தால் மெலிவும் இருக்கிறது. ஒரு நாளில் 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் இயல்புதான்.

ஹெல்மெட் மீதான சந்தேகத்தை விட்டுவிடுங்கள், அதனால் வழுக்கை விழாது.

ரத்தப் பரிசோதனை விஷயத்தில் அவசரம் வேண்டாம். தோல் மருத்துவர் முதலில் கண்ணால் பார்ப்பார். ஐம்பது அறுபது முடியைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்ப்பார். பத்தில் ஒன்றுக்கு மேல் கையோடு வந்தால் கொட்டல் இன்னும் நடக்கிறது என்று அர்த்தம். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் கருவி வழியாகப் பார்த்தால், தடித்த முடியும் மெல்லிய முடியும் கலந்திருப்பது தெளிவாகத் தெரியும். பரம்பரை வழுக்கையைக் கண்டுபிடிக்க இதுவே போதும். அந்த ஹார்மோனின் அளவை ரத்தத்தில் பார்ப்பதில் பயனில்லை, ஏனென்றால் அளவு சாதாரணமாகவே இருக்கும்; வேர்தான் அதற்கு அதிகமாக எதிர்வினை காட்டுகிறது. உங்களுக்குக் கொட்டலும் இருப்பதால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்தின் இருப்பு), தைராய்டு பார்ப்பது நியாயம். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது தைராய்டு முடிவையே மாற்றிக் காட்டிவிடும். எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு அளவில் வழவழவென்று திட்டு விழுந்தாலோ, தலைத் தோலில் எரிச்சல், வலி, செதில், சீழ் இருந்தாலோ ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். குறிப்பாக, முடித் துளைகளே மறைந்து தோல் பளபளத்தால் அது தழும்பு விழும் வகையாக இருக்கலாம். அங்கே போன முடி திரும்பாது. தோலில் துளியளவு எடுத்து பயாப்ஸி செய்ய வேண்டியிருக்கும்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு வருடத்துக்கு முந்தைய புகைப்படமும், இந்த ஆறு மாதத்தில் சாப்பிட்ட மருந்துகளின் பட்டியலும் கையில் இருக்கட்டும். காய்ச்சலை முதல் வரியிலேயே சொல்லுங்கள். எண்ணெய் தடவாமல் போங்கள். கொட்டுகிறதே என்று அதற்கு முன் மொட்டை அடித்துக்கொள்ள வேண்டாம், முடி இருந்தால்தான் அவரால் சோதித்துப் பார்க்க முடியும்.