மௌனப் பட நடிகர்கள் எல்லாருமே ஓவர் ஆக்டிங்தானா? சாப்ளினுக்கு முன்னாடி ஐரோப்பாவுல ஸ்டார்னு சொல்ற அளவுக்கு யாராவது இருந்தாங்களா?

இருந்தாங்க. ஆஸ்டா நீல்சன், டென்மார்க்காரங்க. கேள்வியோட முதல் பாதியைப் படிச்சதும் சுருக்குன்னு ஆச்சு, அதான் ராத்திரி பன்னெண்டு மணிக்கு உக்காந்து டைப் பண்றேன்.

நீங்க அநேகமா யூடியூப்ல எல்லாரும் குடுகுடுன்னு ஓடுற கிளிப் எதையாவது பாத்திருப்பீங்க. அது நடிப்போட கோளாறு இல்லைங்க. அப்பல்லாம் கேமராவைக் கையாலதான் சுத்துவாங்க, நொடிக்கு 16, 18 ஃப்ரேம்னு எடுத்ததைப் பின்னாடி வந்தவங்க 24 ஃப்ரேம்ல ஓட்டிட்டாங்க, அப்படி ஓட்டினா யாரா இருந்தாலும் வெட்டுக்கிளி மாதிரிதான் தெரிவாங்க.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்குதுன்னா, ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு டிவி சீரியல்ல கதாநாயகியோட தங்கச்சியா நடிக்கப் போனேன். அப்பா ஆக்சிடெண்ட்ல போயிட்டாருன்னு போன் வர்ற சீன். நிஜத்துல எங்கப்பா போனப்ப நான் என்ன செஞ்சேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கொடியில காஞ்சிட்டு இருந்த அவர் வேட்டியை எடுத்து மடிச்சேன், கரை சேரலைன்னு பிரிச்சு மறுபடி மடிச்சேன், அழுகை மூணாம் நாள்தான் வந்துச்சு. அதனால டேக்ல போனை வச்சிட்டு துப்பட்டா நுனியை நீவிக்கிட்டே நின்னேன். டைரக்டர் மைக்ல, யூனிட்டே கேக்குற மாதிரி, "ஏம்மா மரக்கட்டை மாதிரி நிக்கிற, முகத்துல எதாவது காட்டும்மா"ன்னாரு. கிளிசரின் போட்டு, நெஞ்சுல அடிச்சுக்க வச்சு, அஞ்சு டேக். அடுத்த ஷெட்யூல்ல அந்த ரோல்ல வேற பொண்ணு. ரெண்டு நாள் பேட்டா இன்னிக்கு வரைக்கும் வரல, மேனேஜருக்கு போன் போட்டா "அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா"ன்னே ஒரு வருஷம் ஓட்டினாரு. சின்ன ரோல் பண்றவங்க காசுன்னா மட்டும் எல்லாருக்கும் எப்படி மறந்து போகுதுன்னு எனக்குப் புரியவே இல்லை, நாங்களும் ஆட்டோவுக்குக் கைக்காசு போட்டுத்தானே ஷூட்டிங் போறோம். சரி, அது இங்க கேட்ட கேள்வி இல்ல.

அந்த சமயத்துலதான் ஃபிலிம் சொசைட்டி நடத்துற அண்ணன் ஒருத்தர் "இதைப் பாரும்மா"ன்னு ஒரு படம் குடுத்தாரு. 'அஃப்குருண்டன்', அதலபாதாளம்னு அர்த்தம், 1910ல கோபன்ஹேகன்ல எடுத்தது. ஆஸ்டாதான் கதாநாயகி. பியானோ சொல்லிக் குடுக்கிற பொண்ணு, நிச்சயம் பண்ணவனை விட்டுட்டு ஒரு சர்க்கஸ்காரனோட போயிடுறா. அவனைக் கயித்தால கட்டி, அவனைச் சுத்திச் சுத்தி ஆடுற ஆட்டம் ஒண்ணு வரும், அந்தக் காலத்து சென்சாரே மிரண்டு போச்சு. எல்லாரும் அந்த ஆட்டத்தைத்தான் சொல்வாங்க. என்னை உலுக்கினது கடைசி சீன். அவனைக் குத்திக் கொன்ன பிறகு போலீஸ் அவங்களைக் கூட்டிட்டுப் போகுது. அவங்க தூக்கத்துல நடக்கிற மாதிரி நடந்து வர்றாங்க. கண்ணு நேரா எதையோ பாக்குது, ஆனா எதையும் பாக்கல. க்ளோசப் கிடையாது, வசனம் கிடையாது. லேப்டாப்பை மூடி வச்சிட்டு அன்னிக்குத்தான் அந்த ஷூட்டிங்குக்காக அழுதேன்.

ஆஸ்டா ஒண்ணும் வசதியான வீட்டுப் பொண்ணு இல்ல. 1881ல பிறந்தவங்க, அப்பாவுக்கு நிரந்தர வேலை கிடையாது, அம்மா துணி துவைச்சு சம்பாதிச்சவங்க. நாடகம் முறையா கத்துக்கிட்டும் மேடையில பெரிய வேஷம் அமையல. சினிமாவை யாரும் கலைன்னு மதிக்காத காலத்துல ஊர்பன் காட் எழுதி இயக்கின இந்தப் படத்துல நடிச்சாங்க, ரெண்டு வருஷத்துல அவரையே கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க. அதுவரைக்கும் ஜெர்மனியில படச்சுருளை ஜவுளி மாதிரி மீட்டர் கணக்குலதான் வித்தாங்க. இந்தப் படத்துக்குத்தான் இன்ன ஏரியாவுல இவர் மட்டும்தான் ஓட்டலாம்னு உரிமை வந்துச்சு, நம்ம ஊர்ல சொல்ற ஏரியா ரைட்ஸ் மாதிரி. ஜனங்க 'ஆஸ்டா படம்'னு பேர் சொல்லிக் கேட்டு வந்தாங்க. ஸ்டார்னா அதுதானே? 1911லயே ஜெர்மனி போயிட்டாங்க, சாப்ளின் கேமரா முன்னாடி வந்தது 1914லதான்.

பிரான்ஸ்ல காமெடி நடிகர் மாக்ஸ் லிண்டர் 1905லயே நடிக்க வந்துட்டாரேன்னு யாராவது கமெண்ட்ல வருவீங்க. வாஸ்தவம்தான், அவரைக் குறைச்சு சொல்லல. நான் சினிமா படிச்சவளும் இல்ல. அடக்கி நடிக்கிறதைப் பத்திக் கேட்டதால ஆஸ்டாவைச் சொல்றேன்.

இன்னொண்ணு, 1921ல சொந்தக் கம்பெனி வச்சு ஹாம்லெட் எடுத்தாங்க, ஷேக்ஸ்பியர் நாடகத்துல வர்ற இளவரசன் ஹாம்லெட்டா அவங்களே நடிச்சாங்க. ஆம்பளை வேஷம் மட்டும் இல்ல, ஹாம்லெட் பிறந்ததே பொண்ணாத்தான், அரியணைக்காக இளவரசன்னு சொல்லி வளத்தாங்கன்னு கதை. யோசிச்சுப் பாருங்க, நூறு வருஷத்துக்கு முன்னாடி, நாப்பது வயசை நெருங்கின ஒரு பொம்பளை தன் காசுல இதைச் செஞ்சிருக்காங்க. நாலு வருஷம் கழிச்சு பாப்ஸ்ட் இயக்கின படத்துல பின்னாடி ஹாலிவுட் ஸ்டார் ஆன கிரேட்டா கார்போவும் இவங்களும் சேந்து நடிச்சாங்க, போர் முடிஞ்சு வியன்னாவுல கறிக்கடை வாசல்ல ஜனம் கியூவுல நிக்கிற கதை. இன்னிக்குக் கார்போவைத் தெரியும், இவங்களைத் தெரியாது. அது எனக்கு இன்னமும் ஆறல.

பேசும் படம் ஒண்ணே ஒண்ணுதான் பண்ணாங்க, 1932ல. நாஜிங்க வந்ததும் அவங்க பிரச்சார மந்திரி கோயபல்ஸ் சொந்த ஸ்டுடியோ அமைச்சுத் தர்றேன்னு ஆசை காட்டியும் ஒத்துக்காம டென்மார்க்குக்கே திரும்பிட்டாங்க. அப்புறம் துணித் துண்டுகளை ஒட்டிப் படம் பண்ணிட்டு இருந்தாங்க, 88 வயசுல மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, 1972ல போய்ச் சேந்தாங்க.

அஃப்குருண்டன் நாப்பது நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். டேனிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் தங்களோட மௌனப் படங்களை நெட்ல இலவசமாவே போட்டிருக்காங்க, அந்தப் பிரதியைத் தேடிப் பாருங்க. ஆட்டத்தைப் பாத்ததும் நிறுத்திடாம கடைசி வரைக்கும் பாருங்க.