முகாம் முகவரியும் முதல் சம்பளமும்: வாசகர் கேள்விகள்

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்தும், முகாமை ஒட்டிய ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில் சில.

பி.இ. முடித்திருக்கிறேன். எல்லாச் சுற்றும் தேறிய பிறகு, முகவரியைப் பார்த்ததும் "அப்புறம் சொல்கிறோம்" என்கிறார்கள். பேசாமல் அப்பாவோடு பெயிண்டிங் வேலைக்கே போய்விடவா? (திருச்சி)

வீட்டுக்கு இன்றைய கூலி வேண்டுமென்றால் போங்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் தேடலை விட்டுவிடாதீர்கள். பெரிய நிறுவனங்கள் பின்னணி சரிபார்ப்பில் பாஸ்போர்ட் கேட்கும். உங்களிடம் அது இல்லை. அதனால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பாத இடங்களை முதலில் குறிவையுங்கள்: கட்டுமான நிறுவனம், உதிரிபாகத் தொழிற்சாலை, மருத்துவமனை பில்லிங், ஆடிட்டர் அலுவலகம். முகாம் விஷயத்தைக் கடைசிச் சுற்றுவரை மறைக்காமல் முதல் சுற்றிலேயே சொல்லிவிடுங்கள். முகாம் அடையாள அட்டை, ஆதார், தெரிந்த பேராசிரியரின் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். ஆதார் வசிப்பிடத்துக்கான அட்டைதான், குடியுரிமைச் சான்று அல்ல. குடியுரிமை தெளிவாகாமல் அரசுத் தேர்வு கோச்சிங்கில் வருடக்கணக்கில் உட்காராதீர்கள். கசப்பான அறிவுரைதான்.

சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். முகாம் பையன்களைச் சேர்த்தால் போலீஸ் தொல்லை வருமா? (கும்மிடிப்பூண்டி)

விசாரித்தால், பதிவு பெற்றவர் என்பதற்கு அடையாள அட்டை நகலைக் காட்டுங்கள். முகாமில் தணிக்கை நடக்கும் நாளில் மட்டும் லீவு கொடுங்கள். அன்று ஆள் நேரில் இல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுபோகலாம். இன்னொன்று, ஊர்ப் பையனுக்குக் கொடுக்கும் சம்பளத்தையே கொடுங்கள். குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிறதே என்று நீங்கள் மகிழ்ந்தால், அங்கேதான் ஊருக்கும் முகாமுக்கும் சண்டை ஆரம்பிக்கும்.

முகாமுக்குப் புது வீடு, மாதப் பணம். பக்கத்திலேயே எங்கள் காலனியில் கூரை ஒழுகுகிறது. இது நியாயமா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

உங்கள் கூரை ஒழுகுவது நியாயமில்லை. அதற்காக அவர்கள் வீட்டைக் குறை சொல்வதும் சரியில்லை. 2021-ல் தமிழக அரசு அறிவித்த 317 கோடி ரூபாய் திட்டத்தில் 7,469 வீடுகள் சேர்க்கப்பட்டன. அதுவரை பல குடும்பங்கள் பத்துக்குப் பத்து அறையில், நடுவே சேலையைத் திரையாகக் கட்டி வாழ்ந்தன. அதே அறிவிப்பில் உயர்த்தப்பட்ட மாதப் பணம் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. இதைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றுமில்லை. முகாம்காரர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. முகாமுக்கு வரும் குடிநீர்க் குழாயையும் தெருவிளக்கையும் உங்கள் காலனிவரை நீட்டச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். முகாமில் மாலை டியூஷன் நடந்தால் உங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில்தானே உட்காருகிறார்கள்!

இங்கேயே பிறந்தேன். எனக்குக் குடியுரிமை கிடைக்காதா? (ராமநாதபுரம்)

பிறந்த தேதியைப் பொறுத்தது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே நீங்கள் இந்தியர். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண், சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் வாக்கும் போட்டார். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது: பெற்றோரில் மற்றவர், உரிய ஆவணமின்றி வந்த 'சட்டவிரோதக் குடியேறி'யாகவும் இருக்கக் கூடாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சலுகை தரும் நாடுகளில் இலங்கை இல்லை.

2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசு உத்தரவைப் பலர் குடியுரிமை என்று நினைத்துவிட்டார்கள். அது அப்படியல்ல. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு; அவ்வளவே.

உங்கள் குடும்பம் மலையகத்திலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள் வாழும் இலங்கை மலைப்பகுதியிலிருந்து வந்ததா? அப்படியென்றால் விஷயம் வேறு. இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகள் தொடுத்த வழக்கில், அவர்களது குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி 2019-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. தாத்தாவின் தோட்டப் பதிவு, இவர்களின் குடியுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தக் காலத்துக் காகிதம் எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

தங்கை இலங்கைக்குப் போய் மேலே படிக்க ஆசைப்படுகிறாள். முதலில் என்ன செய்ய வேண்டும்? (ஈரோடு)

மலையகக் குடும்பமென்றால் எதிலும் கையெழுத்துப் போடுமுன் வழக்கறிஞரைப் பாருங்கள். இலங்கைக் குடிமகளாகப் பதிந்தால் இங்கே குடியுரிமை கேட்கும் உரிமை பலவீனமாகலாம். மற்றவர்கள் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பையும் குடியுரிமையையும் பதிய வேண்டும். 1984 முதல் இயங்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இதில் உதவுகிறது. சான்றிதழில் பெயரைக் கவனியுங்கள். இங்கே 'எஸ்' என்று ஒரே எழுத்தில் முடிந்துபோகும் அப்பா பெயர், அங்கே முழுதாக இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். பள்ளிச் சான்றிதழில் திருத்தம் வேண்டுமென்றால், கிளம்புவதற்கு முன் இங்கேயே முடித்துக்கொள்ளட்டும்.