டைனசோர் எறும்பு: கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவில் மட்டும் வாழும், டைனசோர் எறும்பு எனப்படும் நோத்தோமிர்மீசியாவைப் பற்றி நம் பினாங்கு நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கவிதா, ஆயர் ஈத்தாம்: காணாமல் போன எறும்பு என்கிறார்களே, ஏன் ஐயா?

1931இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலடோனியா பக்கம் பிடித்தவற்றை வைத்து, 1934இல் பூச்சி ஆய்வாளர் ஜான் கிளார்க் பெயர் சூட்டினார். பிறகு எத்தனையோ பேர் அங்கே சல்லடை போட்டுத் தேடியும் அகப்படவில்லை. 1977இல் எறும்பு ஆய்வாளர் ராபர்ட் டெய்லர் குழுவினர் தெற்கு ஆஸ்திரேலியாவின் பூச்சேராவில் இரவு தங்கியபோது, டார்ச் வெளிச்சத்தில் தட்டுப்பட்டது. அன்று நல்ல குளிர். குளிரில் எறும்பு தேட யார் போவார்கள்? இதுவோ அப்போதுதான் வேட்டைக்குக் கிளம்பும். பொன்மஞ்சள் உடல், ஒரு சென்டிமீட்டர் நீளம், பெரிய கருங்கண்கள், நீண்ட தாடை. இருட்டியதும் சருகுக்கடியில் மறைந்த சிறு துளையிலிருந்து வெளிவந்து, தனியாக யூகலிப்டஸ் மரமேறி, குளிரில் விறைத்துக் கிடக்கும் பூச்சிகளைக் கவ்வும். நம் முசுறு போல ஆள் திரட்டாது. துளையைக் கண்டாலும் தயவுசெய்து தோண்டாதீர்கள்.



 

முருகன், புக்கிட் மெர்தாஜாம்: பினாங்கு மலையிலும் குளிர்தானே, அங்கே இருக்குமா?

இருக்காது. ராணிக்குக் குட்டை இறக்கைதான், பறந்து கடல் தாண்டி வர முடியாது.

தங்கராஜ், ஜெலுத்தோங்: எல்லா எறும்புக்கும் இதுதானே மூதாதை?

தேவி, ஜார்ஜ்டவுன்: இன்று உயிரோடிருப்பது எப்படி அண்ணே மூதாதையாகும்?

தேவி சொல்வதே சரி. சித்தப்பா மகன் தாத்தா சாயலில் இருந்தால் தாத்தாவாகிவிடுவாரா? இதுவும் முசுறும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து ஒரே அளவு காலம் கடந்து வந்தவை. இதன் நெருங்கிய உறவு, ஆஸ்திரேலியாவின் பெரிய கொட்டும் எறும்பான புல்டாக் எறும்பு.

தங்கராஜ்: பிறகு ஏன் டைனசோர் என்று பெயர்?

பால்டிக் கடல் பக்கம் கிடைக்கும் அம்பரில், அதாவது கல்லாய் இறுகிய பழங்கால மரப்பிசினில், புதைந்த பிரியோனோமிர்மெக்ஸ் எறும்பு இதை அப்படியே ஒத்திருக்கிறது. இடுப்பில் ஒற்றைக் கணு, ராணிக்கும் வேலைக்காரிக்கும் சொற்ப வேறுபாடு, தனி வேட்டை என்று பழைய அம்சங்கள் பல இதனிடம் தங்கிவிட்டன. தங்கியதால் பின்தங்கியது என்று பொருளில்லை. பிற எறும்புகள் முடங்கும் குளிரில் இது இரை தேடுகிறது, அது சாமர்த்தியம்.

தேவி: ஆபத்து ஏதும் உண்டா ஐயா?

உண்டு. பூச்சேராவில் கண்டெடுத்த இடத்திலேயே தொலைபேசிக் கம்பி பதிக்க நிலத்தை எரித்துப் புல்டோசர் ஓட்டினார்கள். இரவுகள் வெப்பமானால் வேட்டை நேரமும் சுருங்கும்.

அழகு, ஜெலுத்தோங்: ராணியை ஆன்லைனில் வாங்கலாமா?

கூடாது! ஒரு புற்றில் நூறு எறும்பு இருந்தாலே அதிகம். யாராவது விற்றால் வாங்காதீர்கள்.