பயனர் ஆய்வு: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உளவியல் படித்துவிட்டு யூஎக்ஸ் ரிசர்ச்சராக, அதாவது ஒரு பொருளையோ செயலியையோ மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்பவராக, வேலை பார்க்கிறேன். சமீபத்தில் எங்கள் அணியைக் கலைத்துவிட்டார்கள். இனி டிசைனர்களும் ப்ராடக்ட் மேனேஜர்களுமே பயனர்களிடம் பேசிக்கொள்வார்களாம். எனக்கு ‘ப்ராடக்ட் இன்சைட்ஸ்’ என்று புதுப் பெயர். பாதி நேரம் பயன்பாட்டு எண்ணிக்கைகளைத் திரையில் காட்டும் டேஷ்போர்டைப் பார்க்கிறேன். இந்தத் தொழில் முடிந்துவிட்டதா? நானும் ப்ராடக்ட் மேனேஜராகிவிடலாமா?

எஸ்., பெங்களூரு

அன்புள்ள எஸ்.,

‘யூசர் எக்ஸ்பீரியன்ஸ்’ (யூஎக்ஸ்) பதவிப் பெயராகப் புழங்கத் தொடங்கியதே 1990-களில்தான். 1993-ல் ஆப்பிளில் சேர்ந்த டான் நார்மன் அப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டார். வேலை அதைவிடப் பழையது. 1945-ல் அமெரிக்காவின் தொலைபேசி ஆய்வகமான பெல் லேப்ஸ், ஜான் கார்லின் என்ற உளவியலாளரைச் சேர்த்துக்கொண்டது. போருக்குப் பின் செம்புத் தட்டுப்பாடு. ஏறக்குறைய மூன்றடி இருந்த ரிசீவர் வயரைக் குறைக்க முடியுமா என்று நிறுவனம் யோசித்தது. கார்லினின் ஆட்கள் யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை சக ஊழியர்களின் அறைக்குள் நைசாகப் புகுந்து வயரை ஓர் அங்குலம் குறைத்துவிட்டு வந்தார்கள். (இன்று செய்தால் எச்.ஆர். சும்மா விடாது.) ஓரடி குறையும்வரை ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு தொலைபேசிகள் குட்டை வயரோடுதான் வந்தன.

1980-களில் ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தில் இதே வேலைக்கு ஒரு மானுடவியலாளர் இருந்தார், லூசி சச்மன். நகலெடுக்கும் இயந்திரத்தோடு மனிதர்கள் மல்லுக்கட்டுவதைப் படமெடுத்தார். அதில் திணறிய இருவரில் ஒருவர் செயற்கை நுண்ணறிவின் முன்னோடியான ஆலன் நியூவெல். அவருக்கே பிடிபடாதபோது பயனருக்குப் புத்தி போதாது என்று யார் சொல்வது?

வயரைக் குறைப்பதா வேண்டாமா என்ற தீர்மானம் கார்லினின் விடைக்காகக் காத்திருந்தது. பணம் மலிவாகக் கிடைத்த 2010-களில் சேர்க்கப்பட்ட ஆய்வாளர்கள் பலருக்குக் கிடைத்ததோ, ஏற்கெனவே முடிவான டிசைனுக்கு முத்திரை குத்தும் வேலை. 2022 இறுதியில் ஆட்குறைப்பு அலை வந்தபோது அதைக் காப்பாற்ற ஒரு காரணமும் இருக்கவில்லை என்பது என் கணிப்பு.

எனக்குக் கவலை புதிதாக வருபவர்களைப் பற்றித்தான். குறிப்பெடுத்து, பேட்டியை எழுத்தாக்கித்தான் அவர்களுக்குக் காது பழகும். அதை இப்போது மென்பொருள் செய்கிறது.

உங்களுக்குப் பயனரோடு உட்காரப் பிடிக்கும் என்றால் மேனேஜர் பதவி வேண்டாம். அங்கே நாள் முழுக்க மீட்டிங். டேஷ்போர்டை இழுக்காக நினைக்காதீர்கள், தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்கும் எஸ்க்யூஎல் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். எண்ணிக்கை சட்டென்று எங்கே சரிகிறதோ, அந்த இடத்தில் பயனர் என்ன செய்கிறார் என்று நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். கேட்கும்போதே, அதைப் பற்றி மேலிடம் இன்னும் எதை முடிவு செய்யாமல் வைத்திருக்கிறது என்றும் விசாரித்துவிடுங்கள்.