திமிங்கலம் கிட்ட வரவில்லை, பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நான் திருச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, அப்படியே மெக்சிகோவில் சாம்பல் திமிங்கலம் பார்த்துவிட்டு வரலாம் என்று சென்னை நிறுவனம் ஒன்றில் 9 நாள் சுற்றுலாவுக்குப் பதிவு செய்தேன். எனக்கும் மனைவிக்கும் சேர்த்து 9,60,000 ரூபாய். என் வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்டினேன். "சான் இக்னாசியோ காயலில் மூன்று படகுப் பயணம். தாயையும் குட்டியையும் கையால் தொடலாம், 100 சதவீத உத்தரவாதம்" என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தார்கள்.

2025 பிப்ரவரியில் போனோம். முதல் நாள் பலத்த காற்று, படகு விட அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் நாள், "எங்கள் படகுகள் நிறைந்துவிட்டன" என்று சொல்லி, வழிகாட்டி எங்களை ஒரு வண்டியில் வேறு கரைக்கு அழைத்துப்போய் யாரோ ஒருவர் படகில் ஏற்றிவிட்டார். காயலின் உள்பக்கமாகப் போனோம். மனைவிக்கு உயிர்காப்பு ஜாக்கெட்கூடக் கொடுக்கவில்லை. இருபது நிமிடத்தில் அதிகாரிகளின் படகு வந்து மறித்தது. அனுமதிச் சீட்டு கேட்டார்கள். படகுக்காரரிடம் இல்லை. கரைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் சரியான படகில் ஒன்றரை மணி நேரம் போனோம். தூரத்தில் இரண்டு திமிங்கலங்கள் மூச்சு விட்டதைப் பார்த்தோம். ஒன்றுகூடக் கிட்ட வரவில்லை.

பணத்தைக் கேட்டால், "திமிங்கலம் எங்கள் கையில் இல்லை, நாங்கள் வெறும் முகவர்கள், மெக்சிகோ நிறுவனத்தைக் கேளுங்கள், ஒப்பந்தப்படி வழக்கை மெக்சிகோவில் லா பாஸ் நகரில்தான் போட முடியும், கட்டிய பணம் திரும்பாது" என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: திமிங்கலம் கைக்கு எட்டவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டால் தோற்றுவிடுவீர்கள், ஐயா. இரண்டாம் நாள் படகைப் பிடித்துக்கொண்டால் ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அந்தப் படகு நாலு வரியில் வருகிறது. மனுவில் அதுதான் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

சான் இக்னாசியோ சாதாரணக் கடற்கரை இல்லை. 1988-இல் அறிவிக்கப்பட்ட விஸ்காய்னோ உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் இருக்கும் காயல் அது. 1993-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே திமிங்கலம் காட்ட மெக்சிகோவின் சுற்றுச்சூழல் அமைச்சகம் தரும் அனுமதி வேண்டும். நோம்-131 என்ற விதித்தொகுப்பு இதற்கென்றே இருக்கிறது. அனுமதி பெற்ற படகு அடையாளக் கொடி கட்டியிருக்க வேண்டும், திமிங்கலத்தைத் துரத்தக் கூடாது, ஒரு திமிங்கலத்தைச் சுற்றி நான்கு படகுகளுக்கு மேல் நிற்கக் கூடாது. சான் இக்னாசியோவில் இன்னும் கெடுபிடி. கடல்வாயை ஒட்டிய பகுதியில் மட்டும்தான் பார்வையாளர் படகு போகலாம். உள்பகுதி குட்டி போட்ட தாய்களுக்கு விடப்பட்டது. ஒரே நேரத்தில் 16 படகுகள், ஒரு பயணத்துக்கு 90 நிமிடம், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் இரண்டாம் நாளைப் பாருங்கள். "படகுகள் நிறைந்துவிட்டன" என்றால் உங்களுக்கென்று இடம் வாங்கி வைக்கவே இல்லை என்று அர்த்தம். இடம் கணக்குப் பார்த்து விடும் ஊரில், காசை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு இடம் பிடிக்காமல் இருந்திருக்கிறார்கள். அதை மறைக்க அனுமதியில்லாத படகில், போகக் கூடாத உள்பகுதிக்கு, ஜாக்கெட் இல்லாமல் ஒரு வயதான அம்மாவை ஏற்றியிருக்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாட்டுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டுச் சட்டம் நம் ஊர் ஆணையத்துக்குத் தானாகத் தெரியாது. நம் சட்டத்தின் கண்ணில் அது நிரூபிக்க வேண்டிய ஒரு சங்கதி, அவ்வளவுதான். எனவே நோம்-131-ஐ மெக்சிகோ அரசிதழிலிருந்து எடுத்து, ஸ்பானிஷ் தெரிந்த ஒருவரிடம் மொழிபெயர்த்து, அவர் உறுதிமொழிப் பத்திரத்தோடு தாக்கல் செய்யுங்கள். முழுவதும் வேண்டாம். அனுமதி, கொடி, எல்லை பற்றிய பகுதிகள் போதும்.

அடுத்து, "நாங்கள் வெறும் முகவர்கள்". பயண நிறுவனங்கள் எல்லாருக்கும் மனப்பாடமான வசனம் இது. இதற்கு உங்களிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. முதலாவது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 230. முகவர் தன் முதலாளி யார் என்று சொல்லாமல் ஒப்பந்தம் போட்டிருந்தால், அவரே பொறுப்பு என்று சட்டம் அனுமானிக்கும். உங்களிடம் இருக்கும் ரசீதையும் பதிவு உறுதிக் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள். மெக்சிகோ நிறுவனத்தின் பெயர் எங்காவது இருக்கிறதா? தகராறு வந்த பிறகுதான் அந்தப் பெயர் முதல்முறையாக மின்னஞ்சலில் வந்தது என்றால், அந்த மின்னஞ்சலே உங்களுக்குச் சாட்சி.

இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும்போது டிசிஎஸ் என்று ஒரு வரியைச் சேர்த்து வாங்குவார்கள். உங்களிடமும் வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் பணம் கட்டியபோது நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 206சி(1ஜி) அதை யாரிடம் வசூலிக்கச் சொல்கிறது தெரியுமா? "வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர்" வசூலிக்க வேண்டும் என்கிறது. வரித்துறையிடம் போய் "நான் விற்பனையாளர்" என்று கணக்குக் காட்டிவிட்டு, நுகர்வோர் ஆணையத்தில் வந்து "நான் முகவர்" என்று சொல்வதை எந்த உறுப்பினரும் எளிதில் ஏற்க மாட்டார்.

லா பாஸ் கதைக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34(2)(டி)-யின்படி, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. ஒப்பந்தத்தில் வேறு ஊர் நீதிமன்றம் எழுதியிருப்பதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடாது. நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்ற ஷரத்துகூட நுகர்வோர் வழக்கைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. அதனால் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கே போங்கள்.

இங்கே இரண்டு தவறுகளைப் பலர் செய்கிறார்கள். ஒன்று, எல்லாரையும் எதிர்தரப்பில் சேர்ப்பது. மெக்சிகோ நிறுவனத்தைச் சேர்த்தால் அவர்களுக்கு நோட்டீஸ் போய்ச் சேருவதற்கே மாதக்கணக்கில் வாய்தா ஓடும். சென்னை நிறுவனத்தை மட்டும் போடுங்கள். "அவசியமான தரப்பைச் சேர்க்கவில்லை" என்று வாதாடுவார்கள். பணம் வாங்கியதும் வாக்குக் கொடுத்ததும் நீங்கள்தானே என்று கேட்டால் முடிந்தது. இன்னொன்று, "கட்டிய பணம் திரும்பாது என்ற ஷரத்து நியாயமற்ற ஒப்பந்தம்" என்று மனுவில் எழுதிவிடுவது. நியாயமற்ற ஒப்பந்தத்தைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு, மாவட்டத்துக்கு இல்லை. அந்தச் சொற்றொடரைப் போட்டால், "இந்த வழக்கு இங்கே நிற்காது" என்று முதல் நாளே கிளப்புவார்கள். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, கெடு எதுவும் குறிப்பிடாதபோது 30 நாளுக்குள் திருப்பித் தராததே பிரிவு 2(47)-இன்படி முறையற்ற நடைமுறைதான்.

சரி, அந்த "100 சதவீத உத்தரவாதம்"? திமிங்கலம் வராததற்கு நஷ்டஈடு கிடைக்காது என்றேன். ஆனால் வரும் என்று உத்தரவாதம் கொடுத்தது தனிக் குற்றச்சாட்டு. 1850-களில் ஸ்காமன் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவரும் அவரைப் பின்தொடர்ந்தவர்களும் இந்தக் கடற்கரைக் காயல்களில் புகுந்து சாம்பல் திமிங்கலங்களைக் கொன்று குவித்தார்கள். குட்டியைக் காக்கத் தாய் படகையே உடைத்ததால் வேட்டைக்காரர்கள் அதற்குப் பிசாசு மீன் என்று பெயர் வைத்தார்கள். 1972-இல்தான் பச்சிகோ மயோரால் என்ற சான் இக்னாசியோ மீனவரின் படகருகே ஒரு திமிங்கலம் தானாக வந்து நின்றது. அவர் பயந்துகொண்டே கையை நீட்டித் தொட்டார். இன்றைய தொழிலெல்லாம் அந்தக் கையிலிருந்து வந்தது. படகு துரத்தக் கூடாது என்பது விதி. அப்படியானால் கிட்ட வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது திமிங்கலம்தான். அதன் சார்பில் சென்னையில் உட்கார்ந்துகொண்டு உத்தரவாதம் கொடுக்க இவர்கள் யார்?

"அந்த ஆண்டு திமிங்கலம் குறைவு, இயற்கையின் செயல்" என்று பதிலுரையில் எழுதினாலும் பயப்படாதீர்கள். 2016-இல் சுமார் 27,000 ஆக இருந்த கிழக்குப் பசிபிக் சாம்பல் திமிங்கலங்கள், 2025-இல் சுமார் 13,000 ஆகிவிட்டன என்று அமெரிக்கக் கடல்வள நிறுவனத்தின் கணக்கே சொல்கிறது. கரையொதுங்கிச் சாவது 2019-இலிருந்தே ஊரறிந்த செய்தி. இப்படிச் செத்து ஒதுங்குவது தெரிந்தும் நூறு சதவீதம் என்று அச்சடித்தது அவர்களுக்குத்தான் பாதகம்.

முதல் நாள் காற்றை விட்டுவிடுங்கள். துறைமுக அதிகாரி சின்னப் படகுகளைத் தடுத்தால் யாரும் போக முடியாது, போகவும் கூடாது. ஒன்று மட்டும் கேட்கலாம்: ஓடாத அந்தப் படகுக்கான பணத்தை மெக்சிகோ நிறுவனம் இவர்களுக்குத் திருப்பிக் கொடுத்ததா? அந்தக் கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்லி ஒரு இடைமனு போடுங்கள். வந்த பணத்தை அமுக்கிக்கொண்டிருந்தால் அது வெளியே வரும்.

சாட்சியங்களில் உயிரானது உங்கள் போன். இரண்டாம் நாள் எடுத்த படங்கள் இருக்கும். அதை வாட்ஸ்அப்பில் மகளுக்கு அனுப்பி, அவள் திருப்பி அனுப்பியதை அச்செடுத்துக் கொண்டு வராதீர்கள். அப்படி அனுப்பும்போது படத்துக்குள் பதிவான இடமும் நேரமும் கழன்றுவிடும். போனில் இருக்கும் மூலப் படம்தான் வேண்டும். இடக்குறிப்பு வசதி போட்டிருந்தீர்கள் என்றால், காயலின் உள்பகுதியில் எந்தப் புள்ளியில் இருந்தீர்கள் என்று அதுவே சொல்லிவிடும். மூன்றாம் நாள் படகில் கொடி தெரியும், இரண்டாம் நாள் படகில் தெரியாது. இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்செடுங்கள். மனைவி ஜாக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று கிடைத்தால் நான் அதிகம் பேச வேண்டியதே இல்லை. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63 கேட்கும் மின்னணுச் சான்றிதழையும் இணையுங்கள். போனை மாற்றும் யோசனை இருந்தால் வழக்கு முடியும்வரை தள்ளிப்போடுங்கள்.

எவ்வளவு கேட்பது? 9,60,000-மும் வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒன்பது நாள் தங்கினீர்கள், சாப்பிட்டீர்கள், மூன்றாம் நாள் முறையான படகில் போனீர்கள். முழுத்தொகை கேட்பவரைப் பேராசைக்காரர் என்று நினைத்துவிட்டால் நியாயமான பகுதியும் சுருங்கும். காயல் நாட்களுக்கு எவ்வளவு என்று விலைப்பட்டியலில் பிரித்துக் காட்டியிருந்தால் இரண்டாம் நாளுக்கான பங்கு முழுவதும், முதல் நாள் படகுக் கட்டணம் இவர்களுக்குத் திரும்பி வந்திருந்தால் அது, மன உளைச்சலுக்கு ஒரு லட்சம், வழக்குச் செலவு என்று கேளுங்கள். மன உளைச்சலுக்குக் கேட்டதைக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். அதற்காக ஐம்பது லட்சம் என்று ஏற்றிப் போடுவது வீண். மனைவிக்குத் தனி மனு தேவையில்லை. நீங்கள் பணம் கட்டி அவர் பெற்ற சேவை என்பதால் சட்டப்படி அவரும் நுகர்வோரே. அவருடைய உறுதிமொழிப் பத்திரத்தை மட்டும் தனியாக வையுங்கள். ஜாக்கெட் விஷயத்தை அவர் வாயால் சொல்வதுதான் சரி.

மனுவுக்கான கட்டணம் நீங்கள் நிறுவனத்துக்குக் கொடுத்த தொகையை வைத்துத்தான். 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். காலவரம்பு இரண்டு ஆண்டு, அதாவது 2027 பிப்ரவரி. கடைசி வாரம்வரை இழுக்காதீர்கள். முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. பதில் இல்லையென்றால் இ-ஜாக்ரிதி என்ற நுகர்வோர் ஆணையத் தளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதிவேற்றலாம். நோட்டீஸ் கிடைத்த 30 நாளில், மிஞ்சினால் இன்னும் 15 நாளில், அவர்கள் பதிலுரை போட்டாக வேண்டும். அதற்குமேல் நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை. மூன்று மாதத்தில் தீர்ப்பு என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் சமரசத்துக்கு அனுப்பினால் முறைத்துக்கொள்ளாமல் போங்கள். இந்த மாதிரி வழக்குகளில் நிறுவனம் பெரும்பாலும் அங்கேதான் இறங்கிவரும்.

மெக்சிகோவிலும் ப்ரோஃபேகோ என்ற நுகர்வோர் அமைப்பு இருக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவர்களின் புகார்களுக்குச் சமரசம் பேச அங்கே தனிப் பிரிவே உண்டு. ஆனால் உங்கள் பணம் போனது சென்னைக்கு, ரசீது வந்ததும் சென்னையிலிருந்து. அதனால் அந்தப் பக்கம் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வருமான வரித் தளத்தில் நுழைந்து உங்கள் பெயரில் கட்டிய வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை இறக்கிக்கொள்ளுங்கள். டிசிஎஸ் வசூலித்தவர் என்ற இடத்தில், விளம்பரத் தாளில் இருந்த கவர்ச்சியான பெயர் இருக்காது. பதிவு செய்யப்பட்ட உண்மையான நிறுவனப் பெயர் இருக்கும். எதிர்தரப்பு என்று மனுவில் எழுத வேண்டியது அந்தப் பெயரைத்தான்.